பாவு காயும் வரைக்கும்

ஆரணியில் சேத்துப்பட்டு ரோட்டில் இருக்கும் சின்னதுரையின் ஷெட்டுக்குக் கதவு கிடையாது. மூன்று பக்கம் தகரம், முன்னால் ஒரு தார்ப்பாய். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பகலிலேயே பல்பு போட வேண்டும். தகரத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

அன்றைக்கும் அப்படித்தான். சின்னதுரை ஒரு டிராக்டர் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு டீக்கு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கன்னியம்மா மண்ணெண்ணெய்ச் சட்டியில் பேரிங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் சந்தவாசல் பக்கம் ஜல்லி உடைத்தவள். எவ்வளவு வேலை செய்தாலும் கை ஓயாது, வாயும் ஓயாது.

மழைக்குள்ளிருந்து ஒரு பழைய டீசல் கார் ஊர்ந்து வந்து தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்றது. சின்னதுரைக்கு அது பழகிய வண்டி. பட்டு நெய்கிற அருணகிரியின் குடும்ப வண்டி. இன்ஜினில் ரிங்கு தேய்ந்து, போகிற இடமெல்லாம் கறுப்பாய்ப் புகை கக்கும். பின்னால் பைக்கில் வருகிறவன் திட்டாமல் தாண்டிப் போனதில்லை. ஒரு வருஷமாக அது ஷெட்டுப் பக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது ஆரணியில் எல்லோருக்கும் தெரியும்.

அருணகிரி இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தகரத்துக்குக் கீழே வந்தார். ஆள் பாதியாய் இளைத்திருந்தார். வண்டி அவருக்குப் பின்னால் டகடகவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"வண்டிய ஆஃப் பண்ணிட்டு வாங்கண்ணே. டீசல் வீணாவுது" என்றான் சின்னதுரை.

அருணகிரி வலது கையை விரித்துக் காட்டினார்.

சாவி அவர் கையில் இருந்தது.

"நேத்து காலைல ஸ்டார்ட் பண்ணேன்" என்றார். "இன்னும் நிக்கல."

கன்னியம்மா சிரித்துவிட்டாள். "இன்னாண்ணா, வண்டிக்கு ஓவர்டைம் போட்டுட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "தீபா பிரசவத்துக்கு வந்துகீறா. எப்ப வேணா வலி எடுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதுக்காகத்தான் படுதாவ எட்த்து, புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணேன். ஒரே சாவில புடிச்சிகினுச்சி. ஆனா நிக்க மாட்டேங்குது. ராத்திரி பூரா தெருவுல இதே சத்தம். யாரும் தூங்கல."

"ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணா வர்றாங்க. இத எதுக்கு நம்பிகினு?"

"அவ இதுலதான் வருவேன்னு நிக்கிறா, கன்னியம்மா. அவங்க அம்மா கடசியா உக்காந்த சீட்டாம். இந்தத் தடவையாவது நேரத்துக்குப் போய்ச் சேரணும்பா. வண்டிய நம்பற மாதிரி பண்ணிக் குடு சின்னதுரை. எனக்கு வேற எதுவும் வேணாம்."

அதற்குள் அவர் போன் அடித்தது. மகள்தான். மழைச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போனார்.

கன்னியம்மா கையைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் வந்தாள்.

"இந்த வண்டிதானேய்யா?"

"ஆமா."

"நூலுக்குக் குடுத்த மரியாதய உசுருக்குக் குடுக்கல. எங்க சனமா இருந்தா அந்தப் பாவு மேலயே ஏத்திகினு போயிருக்கும்."

"வாய மூடு. கேட்டுடப் போறாரு."

நடந்தது இதுதான். போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, அருணகிரியின் மனைவி அபிதகுசாம்பாளுக்கு மூச்சு முட்டியது. அவளைக் காரின் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்து ஸ்டார்ட்டும் செய்துவிட்டார். ஆனால் தெருவின் நீளத்துக்கு எதிர்வீட்டு ராஜம்மாள் தறியில் ஏற்ற வேண்டிய பாவு கட்டியிருந்தது. கட்டைகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டு இழைகள், அப்போதுதான் கஞ்சி தெளித்து, இழைகள் ஒட்டாமல் பிரியப் பிரஷ் போட ஆரம்பித்திருந்தார்கள். ஈரத்தோடு பாவைத் தூக்கினால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் பல மாத வேலை குப்பைக்குப் போகும். நெய்கிற தெருவில் யாரும் அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

அவளும் நெய்கிறவள். "காயட்டும். செத்த நேரந்தானே" என்றது அவள்தான். வண்டிப் புகை ஈரப் பட்டில் படியுமே என்று இன்ஜினை நிறுத்தச் சொன்னதும் அவள்தான். அவர் நிறுத்தினார்.

பாவு காய்ந்தது. சுருட்டினார்கள். சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடிக்கவில்லை. திருப்பித் திருப்பி பேட்டரி செத்தது. ஆட்டோ வந்தபோது அபிதகுசாம்பாள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்ட பனி கலைந்துகொண்டிருந்தது.

சின்னதுரை பானட்டைத் தூக்கினான். பேய், பிசாசு என்ற பேச்சை அவன் காதில் வாங்குகிறவன் இல்லை. நிற்காத டீசல் இன்ஜினுக்குக் காரணம் இருக்கும். டீசல் எங்கிருந்தோ போகிறது, அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் டீசலை அடைக்கிற ஒரு சிறிய வால்வு பம்பின் மேல் இருக்கும். அதற்குக் கரண்டு நின்றால் அது மூடும். மூடவில்லை என்றால் கரண்டு போய்க்கொண்டிருக்க வேண்டும்.

டெஸ்ட் லாம்பை வைத்தான். எரியவில்லை. கரண்டு இல்லை.

வயரையே பிடுங்கினான். இன்ஜின் ஓடியது.

"வால்வு சிக்கிகினு கீது. கியர்ல போட்டு அமுக்கி நிறுத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கிளட்ச் தேஞ்சிடுச்சி, வழுக்கிகினு போவுது" என்றார் அருணகிரி.

"சரி. அப்ப டீசலையே புடுங்கிட்றேன்."

ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டான். பம்பில் மிச்சம் இருக்கிற டீசல் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு இன்ஜின் இருமும், நிற்கும். எத்தனையோ வண்டியில் பார்த்தது. டீயை எடுத்துக் குடித்தான். காத்திருந்தான்.

டீ ஆறிப்போனது.

இன்ஜின் இருமவில்லை.

ஹோஸின் வாயிலிருந்து டீசல் சொட்டி, தரையில் ஓடிய மழைத் தண்ணீரில் வண்ணம் காட்டிப் போனது. பம்புக்குள் போவதற்கு ஒரு சொட்டும் இல்லை.

"ஆயிலத் தின்னுதுய்யா" என்றாள் கன்னியம்மா. ஷெட்டில் இத்தனை வருஷம் இருந்ததில் அவளுக்கும் வேலை தெரியும். ரிங்கு போன இன்ஜின் சில சமயம் தன் ஆயிலையே எரித்து ஓடும். ஆனால் அப்படி ஓடினால் புகை ஊரையே மூடும்.

சின்னதுரை பின்னால் போய்ப் புகைக் குழாயைப் பார்த்தான். வெள்ளை வேஸ்ட் துணி ஒன்றை எடுத்துக் குழாயின் வாயில் பிடித்தான். காற்று வந்தது. சூடாக வந்தது. துணியை எடுத்து பல்பு வெளிச்சத்தில் விரித்தான்.

வெள்ளையாகவே இருந்தது.

இந்த வண்டி புதிதாய் வந்த நாளில்கூட இத்தனை சுத்தமாய் ஓடியிருக்காது. அவன் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தான். அளவு குறையவில்லை. 

உள்ளே ஏதாவது மீட்டர் காட்டுகிறதா என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் அமுங்கியது. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. முள் எல்லாம் படுத்திருந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது.

அரிசிக் கஞ்சி. அதோடு ஈரப் பட்டின் மெல்லிய மொச்சை வாடை. ஏசி வாயிலிருந்து அது அவன் முகத்தில் மெதுவாக வீசியது.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். யாரும் இல்லை. மழைக்கு ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. நான்கு கண்ணாடியும் தெளிவாக இருந்தன.

இல்லை. மூன்றுதான்.

பின்னால் இடது பக்கக் கண்ணாடியில், உட்கார்ந்திருப்பவரின் வாய் உயரத்தில், கைக்குட்டை அகலத்துக்குப் பனி படர்ந்திருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அது சுருங்கியது.

பிறகு விரிந்தது.

சுருங்கியது.

இன்ஜின் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது தன் பாட்டுக்கு, சிரமப்பட்டு, விட்டுவிட்டு வந்தது.

சின்னதுரை எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "பலகைய எடு" என்றான்.

"இன்னாய்யா ஆச்சி? மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப்போச்சி?"

"எடுடி! காத்த அடைக்கப் போறேன். காத்து இல்லாம எந்த இன்ஜினும் ஓடாது."

பயத்தில் செய்தான். அதுதான் உண்மை. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, காற்று இழுக்கிற வாயின் மேல் பிளைவுட் துண்டை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான்.

பலகை வெடுக்கென்று ஒட்டிக்கொண்டது. இன்ஜின் சத்தம் இறங்கியது. டக… டக… டக. வண்டி முழுவதும் உதறியது.

அந்த உதறலுக்கு நடுவே, காருக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் கேட்டது.

ஒரு தொண்டை. காற்றுக்குத் தவிக்கிற தொண்டை.

அருணகிரி அதை ஒரு தடவை கேட்டவர். துண்டு கீழே விழ ஓடிவந்து சின்னதுரையின் கையைப் பிடித்து இழுத்தார். "எடுடா! எடுடா கைய! மூச்சு முட்டுதுடா அவளுக்கு!"

சின்னதுரை கையை எடுத்தான். பலகை வரவில்லை. இன்ஜின் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. கன்னியம்மா டயர் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்து வந்து ஒரே தட்டில் பலகையைப் பெயர்த்துத் தள்ளினாள்.

வண்டி ஒரு நீண்ட மூச்சை இழுத்தது.

பிறகு பழையபடி ஓடியது.

 அருணகிரி இடது பக்கக் கண்ணாடியில் வெளியிலிருந்து உள்ளங்கையை வைத்தார். உள்ளே பனி அந்தக் கை அளவுக்கு விரிந்து, நின்று, சுருங்கியது.

"அவ இன்னும் போய்ச் சேரல" என்றார். "நிறுத்துனா திருப்பிப் புடிக்காதுன்னு பயந்துகினு கீறா. அன்னிக்கு நிறுத்தினதுதானே…"



சின்னதுரை தொங்கிய ஹோஸை எடுத்து மறுபடி மாட்டினான். அதற்கு இனி அர்த்தம் இல்லை என்று தெரியும். ஆனாலும் கழற்றியதை மாட்டாமல் வண்டியை வெளியே விட்டுப் பழக்கம் இல்லை. "ஏறுங்கண்ணே" என்றான். "நான் ஓட்டறேன். கொண்டுபோய் வுட்டுட்டு வருவோம்."

அருணகிரி முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"பொம்பள தனியாவா வருவா?" என்று கன்னியம்மா வலது பக்கக் கதவைத் திறந்து பின்னால் ஏறினாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி ஒதுங்கி உட்கார்ந்தாள்.

மழை விடவில்லை. பாலத்தைத் தாண்டி வேலூர் ரோட்டில் ஏறியபோது பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது. இத்தனை சின்னக் குரலில் அவள் பேசிச் சின்னதுரை கேட்டதில்லை.

"யோவ். ஜல்தி போய்யா."

"இன்னா?"

"கையப் புடிச்சிகினு கீறாங்க. சில்லுனு கீது."

அவன் திரும்பவில்லை. மிதித்தான்.

"ஒண்ணும் இல்லக்கா" என்று அவள் பக்கத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "தோ வந்துடுச்சி. மெதுவா இழுத்து வுடு. தோ வந்துடுச்சி."

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தினான். யாரும் எதையும் தொடவில்லை. இன்ஜின் தானாக நின்றது.

அந்த அமைதியில் மழை பெரிதாகக் கேட்டது.

அருணகிரி இறங்கி, சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்துபிடித்தார். வாசலில் நின்ற வாட்ச்மேன் குடையோடு வந்து, காலியான சீட்டைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தான். அவர் நனைந்துகொண்டே நின்றார்.

"அபிதா. ஆஸ்பத்திரி வந்துடுச்சிம்மா. எறங்கு."

கன்னியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வெறும் சீட்டின் மேல் இருந்த அவள் கை, யாரோ இறுக்கியது போல விரல் வெளுத்திருந்தது.

"எறங்க மாட்டேங்கறாங்கண்ணா. கைய இன்னும் இறுக்கறாங்க."

அருணகிரி கதவைப் பிடித்தபடியே குனிந்து நின்றார். காலி சீட்டைப் பார்த்துக் கேட்டார்: "தீபா தனியா கீறாளே. வூட்டுக்குப் போலாமா?"

கன்னியம்மாவின் விரல்களில் மெதுவாக ரத்தம் திரும்பியது.

சாவி போட்டதும் வண்டி கிளம்பியது. குழாயிலிருந்து வழக்கமான கறுப்புப் புகை வந்தது. தெருவில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தி சாவியைத் திருப்பியதும் நின்றது. வேறு எந்தக் கோளாறும் இல்லை. சின்னதுரை கிளட்ச் பிளேட்டும் மாற்றிக் கொடுத்தான். அன்று வழியில் நடந்ததைப் பற்றிப் புருஷனும் மனைவியும் ஒரே ஒரு தடவைதான் பேசினார்கள்.

"இடது கையாலதான் புடிச்சாங்க, குறுக்கால நீட்டி" என்றாள் கன்னியம்மா. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "பட்டு நெய்யிறவங்க கை மெத்துனு இருக்கும்னு நெனச்சேன். காப்புக் காச்சிக் கெடக்குதுய்யா. என் கை மாதிரியே."

கார்த்திகை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் அருணகிரி போனில் கூப்பிட்டார்.

"சின்னதுரை, வண்டி வாசல்ல ஓடிகினு கீதுப்பா. சாவி ஆணியிலதான் தொங்குது. நான் தொடல."

"தீபாவுக்கு வலி கண்டுடுச்சாண்ணே?"

"இல்லப்பா. நல்லாத் தூங்குறா. வலி கிலி ஒண்ணும்…"

போனுக்குள், வீட்டின் உள்ளறையிலிருந்து, ஒரு பெண் "அப்பா!" என்று அலறுவது கேட்டது.

லைன் அறுந்தது.

சின்னதுரையும் கன்னியம்மாவும் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது கார் கிளம்பிப் போயிருந்தது. தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். ராஜம்மாளின் பாவு தெருவின் நடுவில் இல்லை. கட்டைகளோடு தூக்கி ஒரு பக்கச் சுவர் ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். அதுவும் வெள்ளைப் பட்டுதான். கஞ்சி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இழைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன.

ராஜம்மாள் கஞ்சிக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நரைத்த தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"ஆளில்லாத வண்டி எங்கள நோக்கி நின்னுகினு உறுமுதும்மா" என்றாள் கன்னியம்மாவிடம். "யாரும் எங்கிட்ட கேக்கல. நானேதான் தூக்குங்கடான்னேன். அன்னிக்கே தூக்கியிருக்கணும். எதிர்ல நின்னு பாத்துகினுதானே இருந்தேன். அவளும் என்னப் பாத்தா. ஒரு வார்த்த கேக்கல, பாவி."

கன்னியம்மா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வெயில் தெருவில் இறங்கும்போது அருணகிரியிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. கொடி சுற்றியிருந்ததாம். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அவர் அழுதார். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் தானாக நின்றது என்றார்.

ராஜம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போவட்டும். இத அறுத்துக் கூளத்துல போட வேண்டியதுதான்" என்று பாவின் பக்கம் போனாள்.

போனவள் பாதியில் நின்றாள்.

கார் நின்ற இடத்துக்கு நேராக, அதன் இடது பின்கதவு இருந்த பக்கம், பாவு ஒட்டவில்லை. காய்ந்து, இழை இழையாகப் பிரிந்து, வெயிலில் மினுங்கியது. கார் கிளம்பும்போது புகைக் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி இருந்த பட்டில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை.

"யார் பிரஷ் போட்டது?" என்று சின்னதுரை கேட்டான்.

பிரஷ்கள் கஞ்சிச் சட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. யாரும் தொட்டிருக்கவில்லை.

ராஜம்மாள் குனிந்து, இழைகளின் மேல் விரல் படாமல், பிரஷ் போட்ட தடம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். 

"தெருவுல ஒருத்திக்குத்தான் இடது கைப் பழக்கம்" என்றாள்.

கன்னியம்மா புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அங்க பாருய்யா."

காய்ந்த பகுதி முடிகிற இடத்தில், கஞ்சி சொட்டிக்கொண்டிருந்த அடுத்த முழம், காற்றே இல்லாமல், ஒரு கை நீவுகிற வேகத்தில் மெதுவாகப் பிரிய ஆரம்பித்தது.